நீலப் பொட்டும் சிவப்புப் பொட்டும்

பிப்ரவரி 4

அன்புள்ள பூதக்கண்ணாடி அக்காவுக்கு,

உன் ஒரே தங்கச்சி வாலு எழுதிக்கொண்டது. நான் நலம். மற்றவர்கள் நலத்தைக் கடைசி வரை படித்துத் தெரிந்துகொள்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று முழிப்பாய். என்னிடம் இப்போது செல் இல்லை. தலைமையாசிரியர் நாற்காலிக்கு அடியில் ஒளித்துவைத்து, அவர் உட்காரும்போதெல்லாம் கோழி கூவ வைத்தேன். நான்காவது கூவலில் பிடித்துவிட்டார். அது அவர் மேசை இழுப்பறையில் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறது. அம்மாவின் போன் எந்நேரமும் அப்பாவின் தலையணைக்கு அடியில். எனக்குச் செல் இல்லை, அப்பாவுக்கு வேண்டாத செல்லெல்லாம் இருக்கிறது. (நீ சிரிக்கலாம். அப்பா சிரித்தார்.)

ஆமாம், திரும்ப வந்துவிட்டது. போன வருடம் எலும்பு மஜ்ஜையிலிருந்து விரட்டியடித்தோம் என்று டாக்டர் கை குலுக்கினாரே, அதே புற்றுதான். அப்பா மூன்று வாரமாக ரத்த வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று உத்தரவு. "அவ கடல் தாண்டி ஒத்தையா கிடக்கா. சும்மா எதுக்கு அவளைப் பதறவைக்கணும்?" என்றார். நான் எப்போது சொன்னபடி கேட்டிருக்கிறேன்?

விஷயம் இதுதான். டாக்டர் இன்னொரு சுற்று மருந்து ஏற்றலாம் என்கிறார். ஆறு வாரம். முதல் சுற்றைவிடக் கடுமை. வாய் புண்ணாகும், எழுந்து நடக்க முடியாது. போன தடவை மருந்து முதிர்ந்த புற்றுச் செல்களைத் தீர்த்துக்கட்டியதாம், முதிராத செல்கள் எங்கேயோ பதுங்கிக்கொண்டதாம். இந்தத் தடவையும் முதிராதவை அதிகமிருந்தால் மருந்து ஏற்றியும் பயனில்லை. முதிர்ந்தவை அதிகமென்றால் ஒரு கை பார்க்கலாம். எது எவ்வளவு என்று பிரித்து எண்ண இங்கே ஆளில்லை. மொத்தமாக "நிறைய" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நிறைய! கடலை வாங்கப் போனால்கூட நிறுத்துத் தருகிறான்.

அப்பா சொல்லிவிட்டார்: "எம் பெரிய பொண்ணுக்கு இதுதான் வேலை. அவ பாத்துச் சொன்னா ஏத்திக்கிறேன். இல்லேன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, நாற்காலியைப் போட்டு வாசல்ல உக்காந்துக்கிறேன்." ஆக, உன்னிடம் சொல்லச் சொன்னதும் அவரே, சொல்லக் கூடாது என்றதும் அவரே. கணக்கு வாத்தியாருக்குக் கணக்கு இடிக்கிறது.

அதனால் எலும்பிலிருந்து ஊசியால் எடுத்த மஜ்ஜையின் இரண்டு ஸ்லைடு அனுப்புகிறேன். பரிசோதனைக்கூடத்து அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. கண்ணாடியில் வெறும் எண்தான் இருக்கிறது என்பதால் என் நகப்பாலிஷில் பொட்டு வைத்திருக்கிறேன். நீலப் பொட்டு அப்பாவுடையது. சிவப்புப் பொட்டு பக்கத்துக் கட்டில் விசில் மாமாவுடையது. அவர் பஸ் கண்டக்டர். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே படுத்திருக்கிறார். நர்ஸ் வர நேரமானால் ஊதுகிறார். இரண்டையும் ஒரே மாதிரி எண்ணு.

உண்மையைச் சொல் அக்கா. முதல் தடவை மூன்று மாதம் "அப்பாவுக்கு முதுகு வலி" என்றே என்னை ஓட்டினீர்கள். இந்த வீட்டில் எனக்கு உண்மையை மாத்திரை மாதிரிப் பாதியாக உடைத்துத்தான் தருகிறீர்கள்.

இப்படிக்கு,
பள்ளிக்கூடத்தின் கோழி வளர்ப்புத் துறைத் தலைவி

*

பிப்ரவரி 17

என் செல்ல வாலுவுக்கு,

பொட்டலம் உடையாமல் வந்தது. ஸ்லைடைச் சுற்றி என் பழைய சாக்ஸ். நான்கு வருடமாக இதன் ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தேன், திருடி.

அப்பா எனக்குத் தெரியக் கூடாது என்றதற்கு நான் தனியாகச் சண்டை போட்டுக்கொள்கிறேன். இப்போது வேலையைச் சொல்கிறேன்.

இங்கே ஒரு விதி உண்டு. சொந்தக்காரர்களின் ஸ்லைடைத் தொடக் கூடாது. யாருடையது என்று தெரிந்தாலே எடுத்து வைத்துவிட வேண்டும், வேறொருவர் எண்ணுவார். நான் விதியை மீறினேன். மற்றவர்கள் சாப்பிடப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு நானே உட்கார்ந்தேன். அப்பாவின் செல்லை இன்னொருவர் பார்ப்பதா?

முதிர்ந்த செல் எப்படி இருக்கும் என்று உனக்குப் புரியும்படி சொல்கிறேன். அதன் கரு ஒரு ஓரமாக ஒதுங்கியிருக்கும், பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்தவர் மாதிரி. கருவுக்குள்ளே கட்டிகட்டியாக, கடிகார முகத்தில் எண்கள் நிற்பதுபோல நிற்கும். பக்கத்தில் கொஞ்சம் வெளுத்த இடம். முதிராத செல்லில் கரு நடுவீட்டில் காலை நீட்டிப் படுத்து முழு இடத்தையும் அடைத்துக்கொள்ளும். உள்ளே எல்லாம் மெல்லிசாக, நூல்நூலாக. நடுவே ஒரு கரும்புள்ளி உன்னையே முறைக்கும். யாரை நினைத்துச் சொல்கிறேன் என்று கேட்காதே.

என் இடது கைக்குப் பக்கத்தில் ஒரு எண்ணும் பெட்டி இருக்கிறது. முதிர்ந்ததற்கு ஒரு கட்டை, முதிராததற்கு ஒரு கட்டை. கண் மைக்ராஸ்கோப்பில், விரல் கட்டையில். நூறு ஆனதும் மணி அடிக்கும். ஸ்லைடுக்கு நூறு எண்ணினேன்.

நீலப் பொட்டு: நூற்றுக்கு இருபத்து மூன்றுதான் முதிராதவை. நான் பயந்ததில் பாதிகூட இல்லை. மருந்து ஏற்றிக்கொள்ளச் சொல். நான் சொன்னேன் என்று சொல்.

சிவப்புப் பொட்டு: நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. பாவம் அந்த மனிதர். மருந்து போட்டாலும் நிற்காது. மாதக் கணக்கில்கூடச் சொல்ல முடியாது. நீ அவரிடம் மூச்சு விடாதே. அவர் விசில் ஊதினால் ஊதிவிட்டுப் போகட்டும்.

வாலு, அப்பாவோடு நான் போட்ட சண்டைகள் நினைவுக்கு வந்தன. ஒரு மார்க்கில் தவறியவனுக்கெல்லாம் அந்த ஒரு மார்க்கைப் போட்டுத் தள்ளிவிடுவார். "அடுத்த வகுப்புல பெருசா தோப்பான்பா, அது அவனுக்கு நல்லதா?" என்று கத்துவேன். "தோக்கட்டும். இந்த லீவுல அவன் சைக்கிள் ஓட்டணும்ல?" என்பார் சிவப்புப் பேனாவை மூடாமலே. அந்த மனிதருக்கு இந்தத் தடவை மார்க் பிச்சை வேண்டியிருக்கவில்லை. தானே தேறிவிட்டார்.

அம்மாவைப் பார்த்துக்கொள். படி.

உன் அக்கா

*

பிப்ரவரி 27

அக்கா,

உன் கடிதம் வந்தபோது நான் பள்ளியில் இருந்தேன். அம்மா அதை மத்தியானம் வேலைக்குப் போகும் வழியில் அப்பாவிடம் கொடுத்துவிட்டார். உறையில் என் பெயர்தான் இருந்தது. வாத்தியார்கள் யார் தாளையும் பிரிப்பார்கள்.

நான் வார்டுக்குப் போனபோது மணி மூன்றரை இருக்கும். அப்பா கட்டிலில் இல்லை. ஓடிப்போய் நர்ஸைக் கேட்டால், "அங்க பாருங்க" என்று கை காட்டுகிறார். வராண்டாவில் உலாவுகிறார்! மருந்து பாட்டில் தொங்கும் கம்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சக்கரம் கிறீச்சிட, மகாராஜா செங்கோலோடு போவதுபோல.

"வாலு! இருபத்து மூணுதானாம்டி! அவ எண்ணிட்டா!"

டாக்டரைக் கூப்பிட்டு "நாளைக்கே ஏத்துங்க" என்றார். அப்புறம் முகம் வாடிப்போய் என் காதில், "விசிலுக்குத்தான் ரொம்ப மோசமாம். பாவம், சின்னப் புள்ளைங்க இருக்கு" என்றார். தன் ரேடியோவைத் தூக்கி விசில் மாமா மடியில் வைத்தார். விசில் மாமா ஒன்றும் புரியாமல், "எதுக்கு சார் இது? எனக்கு நாளைக்கு டிஸ்சார்ஜு சார்" என்கிறார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டர்களே கைவிட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அக்கா, விசில் மாமாவுக்கு ரத்தம் குறைவு, அவ்வளவுதான். மாத்திரையில் சரியாகிவிட்டது. அவர் எலும்பில் யாரும் ஊசியே போடவில்லை.

இரண்டு ஸ்லைடும் அப்பாவுடையவை. ஒரே நாள், ஒரே ஊசி, ஒரே சொட்டை இரண்டு கண்ணாடியில் தடவியது. நீ என்னிடம் உண்மை சொல்கிறாயா என்று பார்க்கத்தான் பொட்டு வைத்தேன். இரண்டு எண்ணும் ஒன்றாக வரும், "ஏமாந்தியா பூதக்கண்ணாடி!" என்று எழுதி உன்னைக் கடுப்பேற்றலாம் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அதில் மூன்று ஜோக் இருந்தது.

அப்பா என்றதும் இருபத்து மூன்று. அந்நியன் என்றதும் ஐம்பத்தெட்டு.

சாயங்காலம் தெருமுனைக் கடையிலிருந்து உனக்கு போன் போட்டேன். நீ "ஹலோ" என்றாய். வைத்துவிட்டேன். நாளைக் காலை ஏற்றப் போகிறார்கள். நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் வராண்டாவில் நடந்ததை நீ பார்க்கவில்லை.

ஏன் பொய் சொன்னாய்?

வாலு

*

மார்ச் 9

வாலு,

அந்த ஹலோவுக்குப் பின்னால் மூச்சு விட்டது நீதான் என்று தெரியும்.

நான் பொய் சொல்லவில்லை. இதை நீ நம்ப வேண்டும் என்றுகூட இல்லை. என்ன நடந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

எல்லாச் செல்லும் போன கடிதத்தில் நான் எழுதியதுபோலப் பளிச்சென்று இருப்பதில்லை. நூறில் முப்பது நாற்பது இரண்டும்கெட்டானாக இருக்கும். கரு ஓரத்திலும் இருக்காது, நடுவிலும் இருக்காது. உள்ளே தெரிவது கட்டியா, முறைக்கும் புள்ளியா என்று ஃபோகஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு கணம்தான். அதற்குள் விரல் ஏதாவது ஒரு கட்டையை அழுத்திவிடும். பத்து வருடப் பழக்கம், விரலுக்கே தெரியும்.

அன்று என் விரல் சந்தேகப்பட்ட ஒவ்வொன்றையும் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டது. ஒவ்வொன்றாகத்தான் கொடுத்தது. ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் நியாயமாகத்தான் இருந்தது. சிவப்புப் பொட்டில் எனக்கு ஆசை எதுவும் இல்லை, அதனால் சரியாக எண்ணினேன்.

உன் கடிதம் வந்ததும் பொட்டுகளைச் சுரண்டி எடுத்துவிட்டு இரண்டையும் பக்கத்து மேசைக்காரியிடம் கொடுத்தேன். அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. ஒன்றில் ஐம்பத்தொன்பது, ஒன்றில் ஐம்பத்தேழு. நன்றி சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன்.

அந்த விதியை எழுதியவர்களை நான் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன் தெரியுமா? சொந்தக்காரர் பார்த்தால் செல் மாறிவிடுமா என்று.

மருந்து ஏறத் தொடங்கியிருக்கும். இதோடு ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. அப்பாவுக்கு. உண்மையான எண்ணும், "போதும், வீட்டுக்குப் போங்கப்பா" என்பதும் அதில் இருக்கிறது. போனில் என்னால் சொல்ல முடியாது. கொடுப்பதா வேண்டாமா என்று உன்னிடமே விடுகிறேன். பதினாறு வயதுப் பிள்ளையிடம் விடக் கூடாதுதான். வேறு யாரிடம் விட?

விடுப்புக்கு எழுதியிருக்கிறேன். ஏப்ரல் நடுவில்தான் கிடைக்கும் போலிருக்கிறது.

அக்கா

*

மார்ச் 30

அக்காவுக்கு,

உறை என் ஜியாமெட்ரி பெட்டியில், பாகைமானிக்கு அடியில் இருக்கிறது. தினமும் வார்டுக்கு எடுத்துப் போகிறேன், தினமும் திரும்ப எடுத்து வருகிறேன். கணக்குத் தேர்வுக்குக்கூட அதோடுதான் போனேன். காப்பி அடிக்கும் சீட்டு என்று மேற்பார்வை மிஸ் பிடுங்கப் பார்த்தார். "உள்ளே விடைதான் மிஸ், ஆனா இந்தக் கேள்விக்கு இல்ல" என்றேன். முறைத்துவிட்டுப் போய்விட்டார்.

முதல் வாரம் அப்பாவுக்கு வாயெல்லாம் புண். இரண்டாம் வாரம் பேச்சு நின்றது. சிலேட்டில் எழுதிக் காட்டினார். மூன்றாம் வாரம் பேச்சு வந்தது, கால் போனது. ஒவ்வொரு நாளும் இன்றைக்குக் கொடுத்துவிடலாம் என்று போவேன். "அவ சொன்னாளே, தாங்கிக்கலாம்" என்பார். நான் பெட்டியை மூடிவிடுவேன்.

டாக்டர் இன்று அம்மாவைத் தனியே அழைத்து, இனி ஏற்றுவதில்லை என்றார். வீட்டுக்கும் அனுப்ப முடியாதாம், ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டுமாம். வாசலில் நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது.

விடுப்புக்காகக் காத்திருக்காதே. கிளம்பு.

வாலு

*

ஏப்ரல் 19

அக்கா,

நீயும் அம்மாவும் இறப்புச் சான்றிதழ் வாங்கப் போயிருக்கிறீர்கள். வெயில் கொளுத்துகிறது, வரிசை நீளமாக இருக்கும். அதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம். இதை உன் அந்த ஊர் முகவரிக்கு அனுப்புகிறேன். நீ திரும்பிப் போய்க் கதவைத் திறக்கும்போது தரையில் கிடக்கும்.

நீ வந்து மூன்று நாளாகிறது. அப்பா போனதற்கு இரண்டு நாள் கழித்து வந்தாய். வந்ததிலிருந்து நான்கு தடவை சொல்லிவிட்டாய்: "நல்லவேளை, அப்பா அந்த இருபத்து மூணை நம்பிக்கிட்டே போயிட்டாரு." ஒவ்வொரு தடவையும் நான் தலையாட்டினேன். உன் முகத்துக்கு நேராக என்னால் வேறெதுவும் செய்ய முடியவில்லை.

அவர் நம்பவில்லை அக்கா.

ஐந்தாம் தேதி மத்தியானம் விசில் மாமா பார்க்க வந்தார். ஆள் உப்பிப்போய் மினுமினுவென்று இருந்தார். ரேடியோவில் புது பேட்டரி போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"உங்க ரேடியோ சார். எனக்கு எதுக்குக் குடுத்தீங்கன்னு என் பொண்டாட்டி தெனம் கேக்குறா. இப்பவாச்சும் சொல்லுங்க சார்."

"பஸ்ல பாட்டுக் கேப்பீங்களேன்னுதான்" என்றார் அப்பா.

"நல்லா இருக்கே! நான் விசில் ஊதுறதா, பாட்டுக் கேக்குறதா?"

இருவரும் சிரித்தார்கள். அப்பாவுக்குச் சிரித்தால் உதடு வெடித்து ரத்தம் வரும், ஆனாலும் சிரித்தார். விசில் மாமா போனதும் நான் பெட்டியைத் திறந்து உறையைக் கையில் எடுத்தேன்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சிவப்புப் பொட்டும் நான்தான். அதானே?"

உறையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"எப்பத் தெரியும்?"

"கடுதாசி வந்த அன்னிக்குச் சாயங்காலமே. நீ கிளம்பிப் போனப்புறம், 'எலும்புல ஊசி போட்டப்ப ரொம்ப வலிச்சுதா'ன்னு விசிலைக் கேட்டேன். ஆறுதலா நாலு வார்த்தை பேசலாம்னு. 'எலும்புலயா? எனக்குக் கையில ரத்தம் எடுத்ததோட சரி சார்'னாரு. யாரு யாரைப் பாத்து எழுதினான்னு எண்பது விடைத்தாள்ல கண்டுபிடிக்கிறவன்டி நான். உன் ரெண்டு பொட்டு எனக்கு எம்மாத்திரம்?"

"தெரிஞ்சுமா ஏத்திக்கிட்டீங்க? வீட்டுக்கு வந்திருக்கலாமே. நாற்காலி..."

தண்ணீர் கேட்டார். ஸ்பூனில் கொடுத்தேன். இரண்டு ஸ்பூன் விழுங்க ரொம்ப நேரமானது.

"எத்தனையோ பேருக்கு அந்த ஒரு மார்க்கை நான் போட்டிருக்கேன். எனக்கு யாரும் போட்டதில்ல. எம் பொண்ணு போட்டிருக்கா. அதை வாங்கிக்கிட்டு, அடுத்த வகுப்புக்குப் போகாம வீட்டுல உக்காந்தா அவ மூஞ்சியை எங்க கொண்டு வச்சுக்குவா?"

நான் அழுதேன். அவர் என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். "லீவு கிடைச்சுதுடி எனக்கு. மூணு மணியிலேர்ந்து ஆறு மணி வரைக்கும். வராண்டால ரெண்டு ரவுண்டு அடிச்சேனே, பாத்தியே நீ."

மூன்று மணி நேரம் அக்கா. உன் இருபத்து மூன்று அவருக்கு அவ்வளவு நேரம் வந்தது. நான் சிவப்புப் பொட்டு வைக்காமல் இருந்திருந்தால் கடைசி வரை வந்திருக்கும். நீ இருபத்து மூன்று என்று எழுதாமல் இருந்திருந்தால், அவர் ஆறு வாரமும் வாசலில் உட்கார்ந்திருப்பார். நான் இதை எல்லாப் பக்கமும் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டேன். எப்படிப் போட்டாலும் நாம் இருவரும் தோற்கிறோம்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். பதினான்கு நாள் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொள், என் வரையில் அது சாதனை. உன்னைத் தண்டிக்கச் சொல்லவில்லை. நீ ஒருத்தி மட்டும் பாதி மாத்திரையோடு விமானம் ஏறுவது எனக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு நீ எனக்கு எழுதாமலே போகலாம். அதுவும் தெரிந்துதான் ஒட்டுகிறேன்.

தலைமையாசிரியர் துக்கம் விசாரிக்க வந்தபோது என் செல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சார்ஜ்கூடப் போட்டு வைத்திருந்தார். அதில் அழைக்காதே. உன் ஹலோ கேட்டால் மறுபடியும் வைத்துவிடுவேன்.

நீ கொடுத்த உறையை இதோடு வைத்திருக்கிறேன். அப்பா அதை வாங்கிப் பார்த்தார், பிரிக்கவில்லை. தலையணைக்கு அடியில் துழாவி சிவப்புப் பேனாவை எடுத்தார். விடைத்தாளில் எழுதாமல் விட்ட பக்கம் இருந்தால், பின்னால் யாரும் எதையும் எழுதிச் சேர்த்துவிடக் கூடாதென்று மூலைக்கு மூலை ஒரு கோடு இழுப்பாரே, அதே கோடு இந்த உறையின் மேல். படுத்தபடியே இழுத்ததால் கோணலாகப் போயிருக்கிறது. கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

வாசலில் கேட் சத்தம். நீங்கள் வந்துவிட்டீர்கள்.

தங்கச்சி